எஸ்.பி. ரோட்டுக்குப் போகுமுன்

விளையாட்டுக்கென்று அமைக்கப்பட்ட ஒரு கணினியை எப்போது மாற்றுவது, எதுவரை வைத்துக்கொள்வது என்ற கேள்வி நெடுங்காலமாக வேகத்தைப் பற்றிய கேள்வியாகவே இருந்து வந்தது. புதிய கிராஃபிக்ஸ் கார்டு பழையதைவிட எத்தனை விழுக்காடு வேகமானது என்ற ஒரே கணக்கு முடிவைத் தீர்மானித்தது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்தக் கணக்கு குலைந்தது. அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதே மாதத்தில், 2016இல் அறிமுகமாகி இன்றும் எத்தனையோ இந்திய வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஜி.டி.எக்ஸ். 10 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கேற்ற டிரைவர் வழங்குவதை என்விடியா முடித்துக்கொண்டது. ஆண்டு முடிவதற்குள் புதிய வகை ரேமின் சில்லறை விலை இருமடங்கைத் தாண்டிச் சென்றது. முதல் இரண்டும் உரிமையாளரைக் கடைக்குப் போகச் சொல்கின்றன. மூன்றாவது வீட்டிலேயே இருக்கச் சொல்கிறது.

இந்த இழுபறி நாட்டின் எல்லா நகரங்களுக்கும் பொதுவானதுதான் என்றாலும், பெங்களூருக்கு அதில் ஒரு தனி இடம் உண்டு. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் வடிவமைப்பு மையத்தை இங்கே தொடங்கியதிலிருந்து சிப் வடிவமைப்பு இந்நகரத்தின் தொழில்களில் ஒன்றாகிவிட்டது. இன்டெல், என்விடியா, ஏ.எம்.டி. ஆகிய மூன்றுக்கும் இங்கே பெரிய பொறியியல் மையங்கள் உள்ளன, ஏ.எம்.டி. 2023 நவம்பரில் திறந்த டெக்னோஸ்டார் வளாகம் ஏறத்தாழ 3,000 பொறியாளர்களுக்கு இடம் தரும் வகையில் கட்டப்பட்டது. ஆயினும் ஒயிட்ஃபீல்டிலும் வெளிவட்டச் சாலையிலும் வடிவமைப்பில் பங்குபெறும் சிப், தைவானில் வார்க்கப்பட்டு, பெரும்பாலும் சீனாவில் கார்டாகப் பொருத்தப்பட்டு, இறக்குமதியாளர் கைமாறி, 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் சேர்ந்த பிறகே டவுன் ஹாலுக்கு அருகிலுள்ள சதர் பத்ரப்பா ரோட்டின், அதாவது ஊரார் எஸ்.பி. ரோடு என்றழைக்கும் கடைவீதியின் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து அமர்கிறது. சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் எப்படியோ பெங்களூருக்கு இந்த வீதி அப்படி. டாலரில் விலை வைக்கப்பட்டு ரூபாயில் சம்பளம் வாங்குவோர் தலையில் இறங்கும் பொருள் என்பதால், அமெரிக்க விமர்சகர் ஒருவர் சொல்லும் ‘கொடுத்த காசுக்குத் தகும்’ என்ற தீர்ப்பு இங்கே அப்படியே செல்லாது.

இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து ஒன்றுதான். கணினி பழையதாகிவிட்டது என்ற உணர்வு அதை மாற்றப் போதிய காரணமன்று. அதனால் இயலாத ஒரு வேலையைப் பெயர் சொல்லிச் சுட்ட முடியும்போதே செலவுக்கு நியாயம் பிறக்கிறது, அப்போதும் அந்த வேலைக்குத் தடையாக இருக்கும் உறுப்பு எதுவோ அதற்கு மட்டுமே அந்த நியாயம் செல்லும்.

தடையாக இருக்கும் உறுப்பைக் கண்டறிவது எப்படி என்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்க வேண்டும். ஆனால் வாங்குவோர் மிகுதியாகத் தவிர்த்துவிடும் படியும் அதுவே. திரையில் அசையும் காட்சி என்பது ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும் நிலைப்படங்களின் தொடர். ஒவ்வொரு படமும் ஃபிரேம் எனப்படுகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றும் 16.7 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும். 144 ஃபிரேம் காட்டவல்ல மானிட்டரை முழுமையாகப் பயன்படுத்த வேண்டுமானால் அந்த அவகாசம் ஏறத்தாழ 6.9 மில்லிநொடியாகச் சுருங்குகிறது. இந்தச் சிறு அவகாசத்துக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. எதிராளி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, கதவு திறந்ததா என்ற விளையாட்டின் உள்நிகழ்வுகளைக் கணக்கிட்டு, எதை வரைய வேண்டும் என்ற பட்டியலைப் பிராசசர் தயாரிக்கிறது. அந்தப் பட்டியலின்படி ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் கிராஃபிக்ஸ் கார்டு கணக்கிடுகிறது. இரண்டில் எது பிந்துகிறதோ அதுவே ஃபிரேம் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது; முந்தி முடித்தது காத்து நிற்கிறது. காத்து நிற்கும் உறுப்புக்குப் பதிலாக அதனினும் வேகமான ஒன்றை வாங்கிப் பொருத்தினால் காத்திருக்கும் நேரம் கூடுமே தவிர ஒரு ஃபிரேமும் கூடாது.

இதைக் கண்டறியக் காசு செலவில்லை. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை நிறுவி, வழக்கமாக ஆடும் விளையாட்டிலேயே கார்டின் பயன்பாட்டு விழுக்காட்டைத் திரையோரத்தில் காட்டச் செய்தால், அது 97, 98 என்று நிற்கும்போது கார்டே எல்லை என்பதும், 60, 70 என்று தொங்கும்போது பிராசசரோ ரேமோ பின்னே இழுக்கிறது என்பதும் தெளிவாகும். ஃபிரேம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு எதுவும் அமைப்பில் இடப்படவில்லை என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு: திரைத் துல்லியத்தைக் குறைத்து ஆடிப் பார்ப்பது. 1920க்கு 1080 என்ற அளவில் 20.7 லட்சம் புள்ளிகளும், 2560க்கு 1440இல் 36.9 லட்சமும், 4கே எனப்படும் 3840க்கு 2160இல் 82.9 லட்சமும் உள்ளன. புள்ளிகளைக் குறைத்தும் ஃபிரேம் ஏறவில்லை என்றால் கார்டின் மேல் பழியில்லை. இந்த எண்களிலிருந்தே மற்றொரு செய்தியும் கிடைக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியைத் திடீரென்று போதாததாக ஆக்குவது பெரும்பாலும் புதிய மானிட்டர்தான். 1080 வரிசை மானிட்டரிலிருந்து 4கேக்கு மாறுகிறவர் அதே கார்டிடம் நான்கு மடங்கு புள்ளிகளைக் கேட்கிறார்.

சோதனைக்கு முன்னே செய்ய வேண்டிய பராமரிப்பும் உண்டு. பெங்களூரின் இதமான காற்றை நம்பிக் கேபினெட்டைப் பல ஆண்டுகள் திறக்காமலே வைத்திருப்போர் மிகுதி. ஆனால் ஓயாத கட்டுமானப் பணிகளின் தூசி இந்நகரத்தில் எந்த மின்விசிறியையும் விட்டுவைப்பதில்லை, கோடையும் முன்போல் இல்லை, 2016 ஏப்ரலில் இங்கே 39 பாகையையும் தாண்டியது. சூடு ஓர் எல்லையைத் தொட்டதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. தூசியைத் தட்டி, பிராசசருக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் இடையில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசினாலே, வயதின் தளர்ச்சி என்று எண்ணப்பட்டது சூட்டின் விளைவு என்பது பல கணினிகளில் தெரியவரும். இரண்டு ரேம் பட்டைகளை அடுத்தடுத்த துளைகளில் செருகி வைத்திருப்பதும், ரேமின் வேக அமைப்பை, கணினியின் அடிப்படை அமைப்பு நிரலான பயாஸில் இயக்காமல் விட்டிருப்பதும் இதே வகையைச் சேர்ந்த, செலவில்லாமல் தீரும் குறைகள்.

தடை பிராசசரில்தான் என்று உறுதியானால், அடுத்துப் பார்க்க வேண்டியது மதர்போர்டை. இங்கே 2017இல் இருவேறு கடைகளில் செய்யப்பட்ட இரண்டு தேர்வுகளின் வரலாறு அறிவுறுத்துவது மிகுதி. அந்த ஆண்டு ஜனவரியில் இன்டெல்லின் கோர் ஐ7 7700கே வெளிவந்தது. விளையாட்டுக்கு அன்று அதுவே முதன்மை. ஒன்பது மாதங்களில் வந்த அடுத்த தலைமுறைப் பிராசசர், அதே எண்ணிக்கையிலான முனைகளைக் கொண்டிருந்தும், பழைய போர்டில் இயங்கவில்லை; போர்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. விண்டோஸ் 11 வந்தபோது மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆதரவுப் பட்டியல் இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்கியது. ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த 7700கே வெளியே நின்றது. அதே 2017 மார்ச்சில் ஏ.எம்.டி.யின் முதல் ரைசன், ஏ.எம்.4 என்ற சாக்கெட்டில் வந்தது. சாக்கெட் என்பது பிராசசரைப் போர்டில் அமர்த்தும் இருக்கை. அன்று பி350 வகைப் போர்டு ஒன்றை வாங்கியவர் சற்று மெதுவான கணினியைத்தான் வாங்கினார். ஆனால் 2022இல் அந்நிறுவனம், முதலில் மறுத்து வந்த நிலையைக் கைவிட்டு, பழைய 300 வரிசைப் போர்டுகளுக்கும் ரைசன் 5000 பிராசசர்களின் ஆதரவைத் திறந்துவிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக இடைநினைவகமான கேஷை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி 96 எம்.பி. அளவுக்கு உயர்த்தியிருந்தது, விளையாட்டுகள் அடிக்கடி தேடும் தரவு ரேம் வரை போய்வர வேண்டிய தேவை குறைந்ததால், அதே போர்டு, அதே ரேம், மின்சாரம் வழங்கும் அதே எஸ்.எம்.பி.எஸ். கொண்ட ஐந்தாண்டுக் கணினி, அன்றைய புத்தம்புதிய கணினிகளுக்கு விளையாட்டில் ஈடுகொடுத்தது.

எனவே ஏ.எம்.4 போர்டு வைத்திருப்பவருக்கு, அது முதல் தலைமுறை ரைசனோடு வந்திருந்தாலும், கணினியை மாற்றும் கேள்வி இன்னும் எழவில்லை என்றே சொல்ல வேண்டும். 5800எக்ஸ்3டி புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டாலும், ரைசன் 5 5600, ரைசன் 7 5700எக்ஸ் போன்றவற்றைப் பயாஸைப் புதுப்பித்தால் ஏற்கும் போர்டுகள் ஏராளம். அந்தப் பிராசசர்கள் விண்டோஸ் 11 பட்டியலிலும் உள்ளன. ரேமை மாற்றத் தேவையில்லை என்பது இதில் இன்னும் பெரிய ஆதாயம்.

ஏனெனில் ரேமின் கதை இப்போது தனிக்கதை. உலகின் ரேம் சிப்களில் பெரும்பகுதியை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களே செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் கேட்கும் உயர் அலைவரிசை நினைவகத்துக்கும் சர்வர் ரேமுக்கும் கிடைக்கும் இலாபம் வீட்டுக் கணினி ரேமில் கிடைப்பதில்லை என்பதால், ஆலைத்திறன் அப்பக்கம் திரும்பியது. 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான், தன் குரூஷியல் என்ற நுகர்வோர் வணிகத்திலிருந்து வெளியேறுவதாகவே அறிவித்தது. பல்லாண்டுகளாகக் கடைகளில் நம்பிக் கேட்டு வாங்கப்பட்ட பெயர் அது. புதிய இன்டெல் கணினியோ, ஏ.எம்.4க்கு அடுத்து வந்த ஏ.எம்.5 கணினியோ பொதுவாகப் புதிய வகையான டி.டி.ஆர்.5 ரேமையே கேட்பதால், முழுக் கணினி மாற்றம் என்பது விலையேறிய அந்தப் பட்டைகளையும் வாங்குவதாகிறது. எஸ்.எஸ்.டி.யும் அதே பாதையில் விலையேறத் தொடங்கியுள்ளது. புதிய ஆலைகள் எழுந்து உற்பத்தி பெருகுவது சில மாதங்களில் நடக்கும் வேலையன்று; ஆகவே ‘அடுத்த மாதம் இறங்கும்’ என்று காத்திருப்பதைவிட, இருக்கும் ரேமோடு ஓட்டும் வழியைத் தேடுவதே இப்போதைக்கு அறிவுடைமை.

கிராஃபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை, வேகக் குறைவு ஒன்று, கதவடைப்பு வேறொன்று என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’, 2025 மே மாதத்தில் வந்த ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ ஆகிய இரண்டும், ரே டிரேசிங்கை, அதாவது ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் பொருள்களில் பட்டுத் தெறிக்கும் பாதையைப் பின்தொடர்ந்து ஒளியையும் நிழலையும் கணக்கிடும் முறையை, வன்பொருளிலேயே கொண்ட கார்டு இல்லாமல் தொடங்குவதே இல்லை. 2017இல் முடிசூடியிருந்த ஜி.டி.எக்ஸ். 1080 டிஐ, 11 ஜி.பி. நினைவகத்தோடு பல பழைய விளையாட்டுகளில் ஆர்.டி.எக்ஸ். 2060 சூப்பருக்குச் சளைக்காதது. ஆனால் 2060 சூப்பர் உள்ளே நுழையும் இந்த இரு வாசல்களில் அதற்கு அனுமதியில்லை. இவ்விரு விளையாட்டுகளையோ இவ்வகையில் இனி வரப்போவனவற்றையோ உண்மையிலேயே ஆட விரும்புகிறவருக்கு மாற்றுவதற்கான காரணம் பெயரோடு கிடைத்துவிட்டது. ‘வாலரன்ட்’ மட்டுமே ஆடுகிறவருக்கு அது கிடைக்கவில்லை. அந்த விளையாட்டை 144 ஃபிரேமுக்குமேல் ஓட்ட அதன் தயாரிப்பாளர்களே பரிந்துரைத்தது ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ என்ற எளிய கார்டைத்தான். இந்தியக் கல்லூரி விடுதிகளில் மாலைதோறும் ஆடப்படுவது எது என்பதை நினைத்தால், பெருவாரியான உரிமையாளர்கள் இரண்டாம் வகையினரே என்று கருத இடமுண்டு.

வாலரன்ட் ஆடுவோருக்குக் கதவு வேறொரு பக்கத்தில் அடைபடுகிறது. ஏமாற்று மென்பொருளைத் தடுக்கும் அதன் காவல் நிரல், விண்டோஸ் 11இல் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், கணினி தொடங்கும்போதே நம்பகமான நிரலை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட்டும் இயங்க வேண்டும் என்கிறது. 2025 அக்டோபரில் வந்த ‘பேட்டில்ஃபீல்டு 6’உம் செக்யூர் பூட் இன்றி ஓடாது. பல கணினிகளில் இவை இருந்தும் பயாஸில் அணைக்கப்பட்டிருக்கின்றன. கடைக்குப் போகுமுன் அதைப் பார்க்க வேண்டும். ஏழாம் தலைமுறை இன்டெல் வைத்திருப்போருக்கு, விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் வரை மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்பு நீட்டிப்பு ஓராண்டு அவகாசம் அளிக்கிறது. லினக்ஸுக்கு மாறி, ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் புரோட்டான் மென்பொருள் வழியாகப் பெரும்பாலான விளையாட்டுகளைத் தொடர்வதும் இன்று நடைமுறையில் இயல்வதே. ஆனால் வாலரன்ட், பேட்டில்ஃபீல்டு 6 போன்றவை அங்கே இயங்கா.

கதவு அடைபடாமல் வேகம் மட்டுமே குறைந்திருந்தால், மென்பொருளே பாதி வேலையை முடித்துவிடுகிறது. குறைந்த துல்லியத்தில் வரைந்து, இடைப்பட்ட புள்ளிகளைக் கணித்து நிரப்பிப் பெரிதாக்கிக் காட்டும் உத்தி அப்ஸ்கேலிங் எனப்படுகிறது. என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். 2025 ஜனவரியில் பெற்ற மேம்பட்ட படக்கணிப்பு முறை, 2018இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 20 வரிசைக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஆறாண்டைத் தாண்டிய கார்டு ஒரு நாள் காலையில் இலவசமாகத் தெளிவடைந்தது. ஏ.எம்.டி. 2021இல் வெளியிட்ட எஃப்.எஸ்.ஆர்., போட்டி நிறுவனத்தின் ஜி.டி.எக்ஸ். கார்டுகளிலும் இயங்கும்படி அமைந்தது. அந்தப் பெருந்தன்மை பல பழைய கணினிகளுக்கு ஆயுளை நீட்டியது என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். அதன் நான்காம் பதிப்போ 2025 மார்ச்சில் ஆர்.எக்ஸ். 9000 வரிசைக்கு மட்டுமே உரியதாக வந்தது வருத்தத்துக்குரியது. 8 ஜி.பி. நினைவகம் கொண்ட கார்டில் காட்சி அடிக்கடி தடுமாறினால், முதலில் குறைக்க வேண்டியது, பரப்புகளின் நுண்விவரத்தைத் தீர்மானிக்கும் டெக்ஸ்சர் அமைப்பை. நினைவகத்தை நிரப்புவதில் அதற்கே முதலிடம்.

மின்செலவை இந்தக் கணக்கில் சேர்ப்போர் குறைவு. கர்நாடகத்தில் அதைச் சேர்த்தே ஆக வேண்டும். 2023இல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டப்படி, 2022-23இல் ஒரு வீட்டின் சராசரி மாதப் பயன்பாடும் அதற்குமேல் 10 விழுக்காடும் இலவசம். 200 யூனிட்டைத் தாண்டினால் முழுக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். விளையாடும்போது 400 வாட் இழுக்கும் கணினி நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 48 யூனிட். சராசரி 120 யூனிட்டாக இருந்த வீட்டில் அது சேர்ந்தால் 168. இலவசமான 132 போக 36 யூனிட்டுக்குப் பணம் கட்டினால் போதும். சராசரி 160 ஆக இருந்த வீட்டிலோ மொத்தம் 208 ஆகி, இலவசம் முழுவதும் அந்த மாதத்துக்குப் போய்விடுகிறது. ஆர்.டி.எக்ஸ். 5090க்கு மட்டுமே 575 வாட் வேண்டும். 115 வாட்டில் அடங்கும் ஆர்.டி.எக்ஸ். 4060, 2016இன் ஜி.டி.எக்ஸ். 1060ஐவிடச் சற்றுக் குறைவாகவே மின்சாரம் கேட்டு, அதைப்போல் இருமடங்குக்கு மேல் வேலை செய்கிறது. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை வைத்துக்கொண்டே கார்டை மட்டும் மாற்ற எண்ணுவோர் இந்த வாட் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரிய கார்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸையும், அதன் நீளம் கேபினெட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

இவ்வளவுக்கும் மேலாக, வரப்போகும் ஒரு விளையாட்டுக்காக இப்போதே கணினியை மாற்றிவைக்கும் பழக்கம் ஒன்று உண்டு; இன்று அந்தப் பெயர் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6’. பெங்களூருக்கும் அதன் தயாரிப்பாளருக்கும் உறவு உண்டு: ராஜேஷ் ராவ் 1997இல் இங்கே தொடங்கிய, இந்திய விளையாட்டுத் துறையின் முன்னோடியான துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தை ராக்ஸ்டார் 2019இல் வாங்கித் தன் இந்தியப் பிரிவோடு இணைத்துக்கொண்டது. ஆனால் 2026 நவம்பர் 19 என்று குறிக்கப்பட்ட வெளியீடு பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகியவற்றுக்கு மட்டுமே அறிவிக்கப்பட்டது. இதற்கு முந்தைய ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பரில் கன்சோலுக்கும் 2015 ஏப்ரலில்தான் கணினிக்கும் வந்தது. அதே நிறுவனத்தின் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ ஓராண்டு இடைவெளிக்குப் பின் கணினிக்கு வந்தது. வெளியீட்டு நாள்கூட அறியப்படாத ஒரு கணினிப் பதிப்புக்காக, ரேம் விலை உச்சத்தில் இருக்கும்போது பணத்தைக் கொட்டுவது எந்தக் கணக்கிலும் நிற்காது.

பழைய கார்டு வாங்குவோர் 2021ஐ நினைவில் கொள்வது நல்லது. ஈத்தரியம் நாணயத்தை ஈட்ட இரவும் பகலும் ஓட்டப்பட்ட கார்டுகள், 2022 செப்டம்பர் 15 அன்று அந்த நாணயம் வேறு முறைக்கு மாறியதும் சந்தையில் வந்து குவிந்தன. அவற்றின் சிப் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். தேய்ந்திருப்பவை மின்விசிறியும் நினைவகத்தின் மேலுள்ள வெப்பப் பட்டையும்தான். அரைமணி நேரமாவது கனமான விளையாட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லி, சூட்டையும் திரையில் சிதறல் ஏதும் வருகிறதா என்பதையும் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். விற்பவர் பக்கத்திலும் ஒரு செய்தி உண்டு: விலையேற்றம் முந்தைய வகையான டி.டி.ஆர்.4 ரேமையும் தொட்டுவிட்டதால், மாற்றிய பட்டைகளை இழுப்பறையில் போட்டு மறந்துவிடுவது இழப்பு.

யாருக்கும் உதவாத நிலைக்கு வந்துவிட்ட போர்டும் கார்டும் தெருவில் எடைக்குப் போகக் கூடாது. 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. மீதியில் ஒரு பகுதி குடியிருப்புகளின் பின்புறச் சந்துகளில் அமிலத்தில் ஊறவைக்கப்பட்டுத் தங்கமும் செம்பும் பிரிக்கப்படுகிறது. அந்த அமிலப் புகையைச் சுவாசிப்போர் கேமிங் கணினியைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள். நாட்டின் முதல் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிலையங்களில் ஒன்றான இ-பரிசரா, துமகூரு சாலையில் தாபஸ்பேட்டையில் 2005 முதல் இயங்கி வருகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள்மேல் மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்தியுள்ளன. பொருளை ஒப்படைக்குமுன் எஸ்.எஸ்.டி.யை மட்டும் தனியே எடுத்து, வெறுமனே அழிப்பதோடு நில்லாமல், அதைத் தயாரித்த நிறுவனம் தரும் மென்பொருளின் பாதுகாப்பு அழிப்புக் கட்டளையை இயக்கிவிட வேண்டும். வங்கிக் கடவுச்சொல்லும் குடும்பப் படங்களும் பல ஆண்டுகளாக அதில்தான் இருக்கின்றன.